பாதி மலையில் வண்டி மாறணும்

"பாதி மலையில எறங்கி வேற வண்டி மாறணும். மறந்துடாதே."

கொடிமலைக்குப் போகலாமா என்று நான் கேட்டபோது பாட்டி சொன்ன முதல் வார்த்தை இதுதான். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாறவெல்லாம் வேணாம்மா. ஒரே வண்டி நேரா மேல போகுது. நீங்க வேற எங்கேயோ போனத நெனச்சிக்கிட்டுப் பேசுறீங்க" என்றார். பாட்டி பதில் பேசவில்லை. கொஞ்ச நாளாகவே எங்கள் வீட்டில் இப்படித்தான். பாட்டி ஒன்றைச் சொல்வார், யாராவது ஒருவர் திருத்துவார், பாட்டி அமைதியாகிவிடுவார்.

பாட்டிக்கு வயது 73. மறதியின் தொடக்க நிலை என்று மருத்துவர் சொல்லி ஓராண்டு ஆகிறது. காலையில் மாத்திரை போட்டது மதியம் நினைவில் இருப்பதில்லை. ஆனால் 1964-ல், நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்தபோது லாரியில் ஏறிச் சுற்றுலா போனதை நேற்று நடந்ததுபோல் சொல்வார். அந்தச் சுற்றுலா கொடிமலைக்கு. வாழ்க்கையில் அவர் அந்த மலைக்குப் போனது அந்த ஒருமுறைதான்.

எனக்கும் அதுதான் முதல்முறை. பிறந்ததிலிருந்து செபராங் ஜெயாவில் இருக்கிறேன். வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அந்தப் பக்கம் அந்த மலைத்தொடர் தெரியும். ஆனாலும் போனதில்லை. பினாங்குத் தமிழர்களுக்கு மலை என்றால் தண்ணீர்மலைதான். தைப்பூசத்துக்கு 513 படி ஏறிவிட்டால் அந்த ஆண்டுக்கான மலை முடிந்தது. கொடிமலை, சுற்றுப்பயணிகள் படம் பிடிக்கும் இடம் என்று விட்டுவிடுவோம். பருவ விடுமுறையில் ஒரு புதன்கிழமை, கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டு, பாட்டியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டிலேயே பசியாறிவிட்டு, பேருந்தில் பட்டர்வொர்த் பினாங் சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து ஃபெரி. பாலத்தில் காரில் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் 1964-ல் பாலம் இல்லை. முதல் பாலம் 1985-ல்தான் வந்தது. பாட்டியின் நினைவில் இருக்கும் வழியிலேயே போக வேண்டும் என்பது என் திட்டம். பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே 1894-லிருந்து ஃபெரி ஓடுகிறது. கார்களை ஏற்றிச் சென்ற பெரிய ஃபெரிகள் போய்விட்டன. 2023-லிருந்து ஓடுபவை சிறியவை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றுகின்றன. கால் மணி நேரம்கூட ஆகாத அந்தப் பயணத்தில் பாட்டி மூன்று முறை கேட்டார், "எங்க போறோம்?" மூன்று முறையும் நான் "கொடிமலைக்கு" என்றேன். மூன்று முறையும் அவர் முகம் ஒரே மாதிரி மலர்ந்தது. மறதியில் அப்படியும் ஒன்று இருக்கிறது.

தீவில் இறங்கி 204-ஆம் எண் பேருந்து. கொம்தார் வழியாக ஆயர் ஈத்தாம் போய், மலையடிவார நிலையத்தின் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். மைகார்டைக் காட்டினால் மலேசியர்களுக்குத் தனிக் கட்டணம் என்பதால் அதை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இந்த ரயில் ஓடும் விதத்தை அறிவியல் வகுப்பில் ஒரு பாடமாகவே வைக்கலாம். வண்டியில் இயந்திரம் கிடையாது. ஒரு கம்பிவடத்தின் இரண்டு முனைகளிலும் இரண்டு வண்டிகள். உச்சியில் இருக்கும் பெரிய மின்சுழலி வடத்தை இழுக்கும்போது ஒன்று ஏறும், மற்றொன்று இறங்கும். இறங்கும் வண்டியின் எடை ஏறும் வண்டியைத் தூக்க உதவுகிறது. கிணற்றுக் கப்பியில் இரண்டு வாளி கட்டி, ஒன்று கீழே போக மற்றொன்று மேலே வருமே, அதே தத்துவம். தண்டவாளம் ஒற்றை. இரண்டு வண்டிகளும் சந்திக்கும் நடுப்புள்ளியில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும். ஊட்டி ரயிலுடன் இதைச் சிலர் ஒப்பிடுவார்கள். அது வேறு. அங்கே என்ஜின் உண்டு. பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பிடித்து ஏறும்.

வண்டி புறப்பட்டது. முன்பக்கக் கண்ணாடியோரம் இடம் கிடைத்தது. பாதை செங்குத்தாக நிமிர்ந்து நிற்பதுபோல் இருந்தது. பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் ஒரு சிறிய நிலையம், ஒரு நடைமேடை. நாங்கள் ஏறியது இடையில் நிற்காத வண்டி. அது வேகமாகக் கடந்து போனது.

"இங்கதான்!" என்றார் பாட்டி. "இங்கதான் எறங்கணும்! விட்டுட்டுப் போறான் பாரு!"

பக்கத்தில் நின்ற சீன இளைஞர் சிரித்தார். நான் பாட்டியின் தோளைத் தொட்டு, "பரவாயில்ல பாட்டி, இது நேரா போகும்" என்றேன். சொன்ன மறுநிமிடமே அம்மா சொன்னதைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. அதற்குள் எதிர் வண்டி விலகிக் கடந்தது, சுரங்கம் வந்தது, காது அடைத்தது. அந்தச் சுரங்கம் 79 மீட்டர் நீளம். உலகிலேயே மிகச் செங்குத்தான ரயில் சுரங்கம் இதுதான் என்று பினாங்குக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சில நிமிடங்களில் சுமார் 700 மீட்டர் ஏறிவிட்டோம்.

மேலே இறங்கியதும் முதலில் தெரிந்தது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? அந்தக் கணக்குப்படி இங்கே நாலைந்து டிகிரி குறைவு. இதற்காகத்தான் ஆங்கிலேயர்கள் இந்த மலைக்கு ஏறினார்கள். பிரான்சிஸ் லைட் 1786-ல் பினாங்கில் கால் வைத்தார். இரண்டொரு ஆண்டுகளிலேயே காட்டை வெட்டி மேலே ஒரு பாதை போட்டு, ஸ்ட்ராபெரி பயிரிட்டுப் பார்த்தார். அந்தப் பகுதிக்கு இன்னமும் ஸ்ட்ராபெரி ஹில் என்றுதான் பெயர். ஊட்டியில் ஜான் சல்லிவன் வீடு கட்டியது 1820-களில். அதாவது, ஊட்டிக்கும் சிம்லாவுக்கும் முன்பே இங்கே ஆங்கிலேயர் மலைவாசம் தொடங்கிவிட்டது. உயரத்தில் கொடிமலை அவற்றின் பக்கத்தில் நிற்க முடியாது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். இந்த மலைத்தொடரின் மிக உயர்ந்த இடமே 833 மீட்டர்தான். வயதில் இதுதான் மூத்தது. கீழே ஊரில் காய்ச்சல் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்த காலம் அது. லைட்டே 1794-ல் மலேரியாவில் இறந்தார். நோயுற்ற அதிகாரிகள் உடல் தேற மேலே ஓய்வு பங்களா கட்டினார்கள். ஆளுநர்களுக்கு பெல் ரெத்திரோ என்ற மாளிகை. கப்பல் வருவதைத் துறைமுகத்துக்கு அறிவிக்க ஒரு கொடிக்கம்பம். புக்கிட் பெண்டேரா, கொடிமலை என்ற பெயரெல்லாம் அந்தக் கம்பத்தால் வந்தவை.

நிலையத்திற்கு அருகே ஒரு பழைய மரப்பெட்டியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். படிக்கட்டுபோல் சரிவாகக் கட்டப்பட்ட பெட்டி. பாட்டி அதைப் பார்த்ததும் என் கையை விட்டுவிட்டு நேராகப் போய் அதன் மரச்சட்டத்தைத் தடவினார். "இதுதான். இதுல வந்தோம். சாவித்திரி வாந்தி எடுத்தா."

சாவித்திரி யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து போனில் தேடினேன். முன்பே தேடியிருக்க வேண்டியது. கொடிமலை ரயிலுக்கான முதல் முயற்சி 1897-ல் தொடங்கித் தோல்வியில் முடிந்தது. பிறகு அர்னால்ட் ஜான்சன் என்ற ரயில்வே பொறியியலாளர் புதிதாக வடிவமைத்த பாதை 1923 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி முதல் நாளில் ஆளுநர் கில்லமார்ட் அதிகாரப்பூர்வமாகத் திறந்துவைத்தார். செலவு 15 லட்சம் வெள்ளி. அந்தப் பாதை இரண்டு துண்டுகளாகக் கட்டப்பட்டிருந்தது. கீழ்ப்பாதிக்கு ஒரு ஜோடி வண்டி, மேல்பாதிக்கு இன்னொரு ஜோடி. பயணிகள் இடை நிலையத்தில் இறங்கி, அடுத்த வண்டியில் ஏற வேண்டும். 1977-ல் மரப்பெட்டிகளுக்குப் பதிலாகச் சிவப்பு வண்டிகள் வந்தபோதும் அந்த ஏற்பாடு அப்படியேதான் இருந்தது. 2010-ல் மூடிவிட்டு 2011-ல் புதிய ரயிலைத் திறந்தபோதுதான் பாதை ஒன்றானது.

பாட்டி சொன்னது சரி. அரை நூற்றாண்டு கழித்தும் நிலையம் எந்த இடத்தில் வரும் என்பதுகூடச் சரி. வீட்டில் நாங்கள் எல்லாரும்தான் தவறு. அந்த நிமிடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு ஒரு பயமும் வந்தது: இத்தனை நாள் "இல்ல பாட்டி, அப்படி இல்ல" என்று எத்தனை சரியான விஷயங்களைத் திருத்தியிருக்கிறோம்?

அதற்குப் பிறகு வழிகாட்டி பாட்டிதான். என் பட்டியலில் இருந்த காட்சி மேடை, பூட்டு தொங்கவிடும் இடம், தேநீர் விடுதி எல்லாம் பின்னால் போயின. "மொதல்ல கோயிலுக்கு. வாத்தியார் சாமி கும்பிட்டுட்டுத்தான் சோத்துப் பொட்டலத்த பிரிக்க விட்டாரு."

அருள்மிகு அருளொளித் திருமுருகன் கோயில், நிலையத்திலிருந்து கொஞ்ச நடையில், ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. பக்கத்திலேயே பள்ளிவாசல். தூரம் குறைவுதான் என்றாலும் பாட்டிக்கு ஏற்றம் சிரமம். மூன்று இடத்தில் நின்று நின்று போனோம். பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் மேலே வாடகைக்குக் கிடைக்கும் பகி வண்டியை எடுத்துக்கொள்ளலாம். பாட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

இந்தக் கோயிலின் கதையைப் பற்றி ஏன் யாரும் பள்ளியில் சொல்லித் தரவில்லை என்று தெரியவில்லை. 1800-களில் ஒரு சிறு வழிபாட்டு இடமாகத் தொடங்கியது என்றும், இந்தியச் சிப்பாய்களும் டோலி தூக்கியவர்களும் இங்கே கும்பிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. டோலி என்றால் கம்புகளில் கட்டிய நாற்காலி. ரயில் வருவதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக, துரைமார்களும் துரைசானிமார்களும் இந்த மலைக்கு ஏறியது சுமத்ராவிலிருந்து வந்த மட்டக்குதிரைகளின் மேல், இல்லாவிட்டால் மனிதத் தோள்களின் மேல். குதிரை ஏற முடியாதவர்களுக்கு டோலி. ஒரு நாற்காலிக்கு நாலைந்து பேர், செங்குத்தான பாதையில் இன்னும் கூடுதலாக. நாங்கள் சில நிமிடங்களில் ஏறிய அதே 700 மீட்டர், தோளில் கம்புடன்.

பாதை வெட்டியவர்களும் நம்மவர்கள்தான். 1790-லிருந்து இந்தியக் கைதிகள் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். தீவின் சாலைகளையும் கட்டடங்களையும் உருவாக்கிய உழைப்பில் பெரும் பங்கு அவர்களுடையது.

மலையில் எங்கே திரும்பினாலும் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. நில அளவையாளர் மோனியோவின் பெயரில் சாலை உண்டு. ரயில் நிறுத்தமும் உண்டு. ஸ்ட்ராபெரிக்குக்கூட ஒரு குன்று. டோலி தூக்கியவர்களில் ஒருவர் பெயரையும் நான் எங்கும் பார்க்கவில்லை. அவர்கள் விட்டுப்போனதாக என் கண்ணில் பட்டது இந்த முருகன் கோயில் மட்டும்தான். வரலாற்று நடை என்று இரண்டு மணி நேரம் பங்களா பங்களாவாகச் சுற்றுபவர்கள் இங்கே ஐந்து நிமிடம் செருப்பைக் கழற்றினால் நன்றாக இருக்கும்.

உள்ளே ஒரு பெரியவர் விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பாட்டி அவரிடம் நேராகப் போய், "ஐயா, முன்னல்லாம் பாதி மலையில வண்டி மாறணும்தானே?" என்று கேட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமாம்மா. மழையில நனைஞ்சிக்கிட்டே ஓடுவோம். மேல் வண்டியில இடம் புடிக்கணுமே" என்றார். பிறகு இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். எந்தத் தோட்டம், யார் பிள்ளை, துண்டாடலில் எங்கே போனீர்கள் என்று தொடங்கி இப்போதைய தேங்காய் விலை வரைக்கும். இடையில் பாட்டி ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டார். பெரியவர் இரண்டு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் பதில் சொன்னார். நான் திண்ணை ஓரமாக உட்கார்ந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் வராத பொறுமை அது.

மதியம் அஸ்தாகா உணவங்காடியில் மீ கோரெங், ஐஸ் கச்சாங். சுமார்தான்; கீழே ஆயர் ஈத்தாமில் இதைவிட நன்றாகக் கிடைக்கும். மலை மேல் விலையும் கொஞ்சம் மலைதான்.

சாப்பிட்ட பிறகு காட்சி மேடைக்குப் போனோம். கீழே ஜார்ஜ் டவுன், கடல், அந்தப் பக்கம் பட்டர்வொர்த், பிறை, அதற்குள் எங்கோ எங்கள் செபராங் ஜெயா. இரண்டு பாலங்களும் நூல்போலத் தெரிந்தன. வடக்கே மேகத்துக்குள் குனோங் ஜெராய். அதன் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நாம் பாடத்தில் படித்த கடாரம். இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ல் தாக்கியது அந்தப் பக்கத்தை. கொடிமலையிலிருந்து பார்த்தால் சோழர் காலமும் துரைமார் காலமும் பாட்டியின் தோட்டம் இருந்த திசையும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. எந்தப் பக்கம் நிபோங் திபால் என்று பாட்டி கேட்டார். தெற்கே கைகாட்டினேன். வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராக் ஓட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. ஈ அண்ட் ஓ ஓட்டலை நடத்திய அதே சார்க்கீஸ் சகோதரர்கள் நடத்திய மலை விடுதி அது. 1955 முதல் 1977 வரை அப்லண்ட்ஸ் பள்ளி அங்கே நடந்தது. 2015-ல் ஒளிபரப்பான இந்தியன் சம்மர்ஸ் என்ற பிரிட்டிஷ் தொடரில் 1930-களின் சிம்லாவாகக் காட்டப்பட்டது பினாங்குதான். தொடரில் வரும் சிம்லா கிளப் இந்தக் கிராக் ஓட்டல். இமயமலையின் சரிவில் இருக்கும் நகரத்துக்கு நம் மலை வேடம் போட்டிருக்கிறது! பாட்டியின் கால் ஒத்துழைக்காததால் நாங்கள் அதுவரை நடக்கவில்லை. நீங்கள் இளையவர்கள் என்றால் நடந்து பாருங்கள். காட்டுக்காகவே போகிறவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ இந்த மலையையும் சுற்றுப்பகுதியையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தாசேக் சினிக்கும் குரோக்கர் மலைத்தொடருக்கும் பிறகு மலேசியாவின் மூன்றாவது காப்பகம் இது. எங்களுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்குக் கூட்டம் ஒன்று கிடைத்தது. "கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி இருக்கு" என்றார் பாட்டி.

ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் புயல்மழையில் இந்த மலையில் மண்சரிவு ஏற்பட்டு ரயிலே சில நாள் நின்றது. இப்போது பொட்டானிக் பூங்காவிலிருந்து கேபிள் கார் வேலையும் நடக்கிறது. மேலே போகும் வழி கூடினால் மேலே போகும் கூட்டமும் கூடும். அந்தச் சிறிய உச்சிக்கு அது தாங்குமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. கால் வலுவில்லாதவர்களுக்கு வசதி என்பதையும் பாட்டியுடன் போய்வந்த பிறகு என்னால் மறுக்க முடியவில்லை.

நான்கு மணிக்கு இறங்கினோம். இடை நிலையம் வந்தபோது நான் பாட்டியைப் பார்த்தேன். அவர் தூங்கிவிட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏழு மணி. அம்மா கதவைத் திறந்துகொண்டே, "எங்கம்மா போனீங்க ரெண்டு பேரும்?" என்று விளையாட்டாகக் கேட்டார். மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

"கொடிமலைக்கு" என்றார் பாட்டி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "இப்பல்லாம் மாற வேணாம். ஒரே வண்டி, நேரா போவுது."

அம்மா என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்து, மரப்பெட்டியின் மேல் பாட்டி கை வைத்திருக்கும் படத்தைக் காட்டி, 1923-லிருந்து தொடங்கினேன்.